கண்ணாடிக் கயிறு: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் 16 வருடமாக நிற்கிறேன். பவர் கண்ணாடிக்கு வருகிறவர்களும் கூலிங் கிளாஸுக்கு வருகிறவர்களும் கடைசியில் கல்லாவுக்குத்தான் வந்தாக வேண்டும். கல்லா ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் கண்ணாடிக் கயிறுகள், அதாவது மூக்குக் கண்ணாடி விழாமல் பிடித்துக்கொள்ளும் கயிறுகள், தொங்கும். பில் போடும் நேரத்தில் கை அதைத் தொடும், உடனே ஒரு சந்தேகம் வரும். ஒரே சந்தேகத்துக்குத் தினமும் பதில் சொல்லிச் சொல்லி, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே. காதில் மாட்டும் பகுதியைச் சிலர் கால் என்பார்கள், சிலர் கம்பி என்பார்கள், நாங்கள் கடைக்குள் சைடு என்போம். இங்கே எல்லா இடத்திலும் கை என்றே எழுதுகிறேன்.

"இது வயசானவங்க போடுறதுல்லா அண்ணாச்சி? எனக்கு எதுக்கு?"

வயதானவர்கள் போடுவதற்குக் காரணம் வயது இல்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடியை ஒரு நாளில் முப்பது முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான். வெயில் கண்ணாடிக்கும் அதே கதைதான். கடைக்குள் நுழைந்தால் கழற்றுவோம், வெளியே வந்தால் மாட்டுவோம். நடுவில் அது எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும். சட்டைக் கழுத்தில் செருகினால் பைக்கில் ஏறும்போது விழும். தலைமேல் ஏற்றி வைத்தால் கை இரண்டும் அகன்று, ஒரே மாதத்தில் கண்ணாடி மூக்கில் நிற்காது.

கழற்றி மாட்டுவது ஒன்று, குனிந்து செய்யும் வேலை இன்னொன்று, தண்ணீர் மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு உண்டென்றால் கயிறு உதவும். ஏசி ஆபீசுக்குக் காரில் போய்வந்து, இறங்கும்போது கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிடுகிறவருக்கு இது தேவையில்லை. அப்படிச் சொல்லி நானே சிலரை வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

"இப்ப வந்த ஃபேஷனா இது?"

இல்லை, இது பல நூற்றாண்டுப் பழசு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி வந்தபோது அதற்குக் கையே கிடையாது. மூக்கில் கவ்வி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்பெயினில் பட்டு நாடா கட்டிக் காதைச் சுற்றி மாட்டிப் பார்த்தார்கள். லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் விறைப்பான கை வைத்த கண்ணாடியை விற்றது 1730 வாக்கில். அப்படிப் பார்த்தால் கயிறுதான் அண்ணன், கை தம்பி.

வெயில் கண்ணாடிக்கென்றே தனியாகச் செய்த பட்டைகள் பனிச்சறுக்கு, ஆற்றுப் படகு போன்ற விளையாட்டுகளிலிருந்து வந்தவை. சம்ஸ் என்ற பெயர் போட்ட பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். மைக் டெய்லர் என்ற ஆற்றுப் படகு வழிகாட்டி 1983இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கியது அது. ஆற்றில் நுரைக்கு நடுவே படகு குதிக்கும்போது கண்ணாடி போகாமல் இருக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்த பொருள், இன்று கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிறது.

"இத்தனை வகை கெடக்கே, எதை எடுக்குறது?"

பொருளை வைத்துப் பார்த்தால் ஐந்தாறு சொல்லலாம். பருத்திக் கயிறு கழுத்துக்கு இதம், ஆனால் வேர்வையைக் குடித்துவிட்டுக் காய நேரமாகும். நைலான், பாலியஸ்டர் சீக்கிரம் காயும், சாயம் போகாது. நியோப்ரீன் என்பது கடலில் முக்குளிப்பவர்கள் போடும் உடுப்பின் துணி, உள்ளே மூடிய காற்றறைகள் உள்ள ரப்பர் நுரை. மெத்தென்று இருக்கும், தண்ணீரில் மிதக்கும், நம் ஊர் மே மாதத்தில் பிடரியில் கொதிக்கும். சிலிக்கான் கயிறு கழுவ எளிது, தலைமுடியைப் பிடித்து இழுக்கும். தோல் கயிறு பார்க்க அழகு, வேர்வை பட்டுப் பட்டு விறைத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய எஃகுக் கம்பி கழுத்தைத் தொடாமல் பிடரிக்குப் பின்னால் வளைந்து நிற்கும். காலர் வைத்த சட்டை போடுகிறவர்களுக்கு அது நல்லது, காற்றும் புகும்.

பொருளைப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாராகார்டு என்று ஒரு கயிறு இப்போது பிரபலம், பாராசூட்டுக்கு உருவான நைலான் கயிறு. 550 என்று எண் போட்டிருந்தால் 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்கும். உங்கள் கண்ணாடி 30 கிராம். அந்த 250 கிலோ தாங்கும் கயிற்றின் நுனியைப் பாருங்கள், கண்ணாடிக் கையைப் பிடிப்பது ஒரு சின்ன ரப்பர் வளையமாக இருக்கும். இந்த 16 வருடத்தில் கயிறு அறுந்து கண்ணாடி தொலைந்தது என்று ஒருவர்கூட என்னிடம் வந்ததில்லை. நுனி கழன்றுதான் தொலைந்திருக்கிறது. அதனால் முதலில் நுனியைப் பாருங்கள், அப்புறம் கயிறு, கடைசியில் நிறம்.

"நுனின்னா என்ன வித்தியாசம்? எல்லாம் ரப்பர்தானே?"

மூன்று விதம் உண்டு. ஒன்று, சுருக்கு வளையம். எட்டு வடிவில் ரப்பரோ சிலிக்கானோ இருக்கும், நடுவில் ஒரு மணி அல்லது சின்ன ஸ்பிரிங் சுருள். கையை உள்ளே விட்டு மணியை நெருக்கினால் இறுகும். ஏறக்குறைய எல்லா ஃபிரேமுக்கும் பொருந்தும், விலையும் குறைவு. குறை என்னவென்றால், கை மெல்லிய கம்பியாக இருந்தால் இறுகிய பிறகும் வழுக்கும். இரண்டாவது, உறை. குழாய் போல இருக்கும், கையின் நுனி இரண்டு மூன்று சென்டிமீட்டர் அதற்குள் போய் உட்காரும். தொடும் பரப்பு அதிகம் என்பதால் பிடிப்பும் அதிகம். ஆனால் உறையின் வாய் உங்கள் கண்ணாடிக் கையின் பருமனுக்குச் சரியாக இருந்தால்தான்.

மூன்றாவது, கையில் துளை போட்டுக் கொக்கி மாட்டுவது. விளையாட்டுக் கண்ணாடிகள் சிலவற்றில் கம்பெனியே துளை வைத்து அனுப்பும், அதைவிட உறுதியான பிடிப்பு கிடையாது. துளை இல்லாத கையில் நீங்களே டிரில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். பிளாஸ்டிக் கைக்குள்ளே ஒரு உலோகக் கம்பி ஓடும். அதில் பட்டால் கை வெடிக்கும்.

"என் ஃபிரேமுக்கு இது மாட்டுமா?"

கையின் கடைசி மூன்று சென்டிமீட்டரைப் பாருங்கள். அகலமா, மெல்லியதா, நுனியில் உருண்டு பருத்திருக்கிறதா? மெட்டல் ஃபிரேம் பலவற்றில் கம்பிக்கு நுனியில் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். சுருக்கு வளையத்தை அந்தப் பிளாஸ்டிக் தொடங்கும் இடத்துக்கு முன்னால், கம்பிப் பக்கம் கொண்டுபோய் இறுக்குங்கள். பருத்த பகுதி தாழ்ப்பாள் மாதிரி தடுக்கும். நுனியிலேயே மாட்டினால் ஒரு தும்மலுக்குக் கழன்றுவிடும்.

அகலமான கை என்றால் உறை ஏறாது, பெரிய சுருக்கு வளையம் வேண்டும். முகத்தைச் சுற்றி வளையும் விளையாட்டுக் கண்ணாடியின் கை நேராக இருக்கும், காதுக்குப் பின்னால் வளைவே இருக்காது. அதற்கு இறுகப் பிடிக்கும் உறைதான் சரி. கையின் உள்பக்கம் 52, 18, 140 என்று மூன்று எண் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். கயிறு வாங்க இந்த மூன்றும் உதவாது, கையின் பருமன் அதில் இல்லை. போனில் கேட்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள், அதனால் எழுதினேன். கண்ணாடியையே கொண்டுவாருங்கள்.

"நல்லாத்தான் மாட்டுனேன், கழண்டு கழண்டு வருதே?"

ஒரு படகு டிரைவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். போலராய்டு கண்ணாடி வாங்கினார். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது வெட்டும், கடலில் போகிறவர்களுக்கு நல்ல பொருள். கூடவே கயிறும் வாங்கினார். நான்கு நாள் கழித்து வந்து கல்லாவில் கயிற்றை மட்டும் வைத்தார். "கயிறு பத்திரமா இருக்கு அண்ணாச்சி, நீங்க கொடுத்த மாதிரியே" என்றார். வலை இழுக்கும்போது குனிந்திருக்கிறார், கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியிருக்கிறது, கயிறு கழுத்திலேயே நின்றுவிட்டது. வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்தது.

நம் ஊரில் கழல்வதற்கு முதல் காரணம் தலை எண்ணெய். எண்ணெய் கையில் இறங்கும், கையிலிருந்து வளையத்துக்கு. சாதா ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பித் தளர்ந்துவிடும். சிலிக்கான் அந்த அளவு கெடாது, ஆனால் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை வழுக்கும். மாட்டுவதற்கு முன் கண்ணாடியின் கையைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். உறை ஏற மறுத்தால் வெறும் தண்ணீரில் நனைத்து ஏற்றுங்கள், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவி ஏற்றுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைப்பதும் வேண்டாம், அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக் ஃபிரேமை உருக்கிவிடும்.

கை மெல்லிய கம்பியாக இருந்தால், எலக்ட்ரிக்கல் கடையில் சூடு பட்டால் சுருங்கும் குழாய் கிடைக்கும். இரண்டு சென்டிமீட்டர் வெட்டிக் கையில் போட்டு, ஹேர் டிரையரைக் காட்டுங்கள், லென்ஸ் பக்கம் சூடு போகாமல். கை கொஞ்சம் தடிக்கும், வளையம் கவ்வும். எல்லாம் முடிந்ததும் கட்டில் மெத்தைக்கு மேலே கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணாடியை மூன்று முறை நன்றாக உதறுங்கள். மெத்தையில் விழுந்தால் கடலிலும் விழும். அந்த டிரைவருக்கு அடுத்த கண்ணாடியைக் கொடுக்கும்போது இதைக் கல்லா மேலேயே செய்து காட்டினேன், கீழே துண்டு விரித்து.

"நீளம் எவ்வளவு வேணும்?"

இரண்டு வேலை, இரண்டு நீளம். கழற்றி நெஞ்சில் தொங்கவிட வேண்டும் என்றால் 65 முதல் 75 சென்டிமீட்டர். கண்ணாடி நெஞ்சின் மேல்பாதியில் நிற்க வேண்டும். அதைவிட இறங்கினால் குனியும்போது மேசையில் இடிக்கும், சாப்பிடும்போது சாம்பாரில் தோயும். முகத்தை விட்டே நகரக் கூடாது என்றால் தலையைச் சுற்றிப் பின்னால் இறுகும் குட்டைப் பட்டை. அதற்கு அளவெடுக்கத் தேவையில்லை, இழுத்துச் சரிசெய்யலாம்.

ஒரே கயிறு இரண்டுக்கும் வேண்டும் என்றால் நீளமானதாக வாங்கி, பின்னால் நகரும் மணி உள்ளதைப் பாருங்கள்.

"பின்னால அந்த மணி எதுக்கு? அழகுக்கா?"

அதுதான் அதன் பிரேக். மணியைத் தலைப்பக்கம் தள்ளினால் கயிறு இறுகிக் கண்ணாடி முகத்தோடு ஒட்டும், கீழே இழுத்தால் தளரும். ஒரு மாதம் போனதும் மணி தானாகக் கீழே வழுக்கத் தொடங்கும். கயிறு தேய்ந்து மெலிந்ததுதான் காரணம். மணிக்குப் பின்னால் ஒரு சின்ன முடிச்சுப் போட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஸ்பிரிங் வைத்த அழுத்துப் பூட்டு, மழைக் கோட்டில் இருக்குமே, அது உள்ள கயிறு வாங்குங்கள். உப்புக் காற்றில் அந்த ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"கடல்ல விழுந்தா மிதக்குமா?"

"மிதக்கும்" என்று அட்டையில் அச்சடித்திருப்பது கயிறு மிதக்கும் என்றுதான். உங்கள் கண்ணாடியோடு சேர்த்து மிதக்குமா என்பது வேறு கணக்கு. பிளாஸ்டிக் ஃபிரேமும் பிளாஸ்டிக் லென்ஸும் தண்ணீரைவிடச் சுமார் 1.2, 1.3 மடங்கு கனமான பொருள்கள். 30 கிராம் கண்ணாடி கடல் நீருக்குள் இறங்கினால் அதன் நிகர எடை 5, 6 கிராம்தான். மூழ்கும், ஆனால் மெதுவாக. அதை மேலே பிடித்து வைக்க 10 கன சென்டிமீட்டர் நுரை தாராளம். சுண்டுவிரல் பருமனில் ஆறு சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மெட்டல் ஃபிரேமில் உண்மையான கண்ணாடி லென்ஸ் என்றால் கதை மாறும். கண்ணாடி தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு கனம். 40 கிராம் உள்ள அப்படிப்பட்ட ஒன்று தண்ணீருக்குள்ளும் 25 கிராமுக்கு மேல் இழுக்கும். அந்தச் சுண்டுவிரல் நுரை 15 சென்டிமீட்டராவது வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய நியோப்ரீன் பட்டை பலவும் இதற்குப் போதாது. அதனால் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீரில் மிதந்தால் உப்புத் தண்ணீரில் நிச்சயம் மிதக்கும், கடல் நீர் இரண்டரை சதவீதம் கூடுதல் கனம். அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். மலிவான நுரை பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிவிடும்.

நிறம் இங்கேதான் முக்கியம். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள். கறுப்பு மிதவை பார்க்க நன்றாக இருக்கும், அலைக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், முன்னே சொன்ன நுனிச் சமாசாரம். நுனி வழுக்கினால் மிதவை மேலே, கண்ணாடி கீழே.

"பைக்ல போகும்போது போட்டுக்கலாமா?"

ஹெல்மெட் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினால் ஹெல்மெட்டே கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், கயிறு தேவைப்படாது. கயிற்றோடு போவதென்றால் பின்பக்க மணியும் முடிச்சும் ஹெல்மெட்டுக்கு அடியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் போய்ச் சேருவதற்குள் பிடரியில் மணி அளவுக்குக் குழி விழுந்து வலிக்கும்.

மிச்சக் கயிற்றைச் சட்டைக்குள் விடுங்கள். காற்றில் படபடத்துக் கழுத்தில் அடிப்பது எரிச்சல். கழற்றிய கண்ணாடியை நெஞ்சில் தொங்கவிட்டபடி ஓட்ட வேண்டாம், காற்று தூக்கி முகத்தில் அடிக்கும்.

"உப்பளத்துல வேலை. வேர்வைல எதுவுமே நிக்காது, என்ன செய்ய?"

எங்கள் ஊரின் கேள்வி இது. பாத்தியில் உப்பு பூத்திருக்கும்போது வெளிச்சம் மேலிருந்தும் கீழிருந்தும் வரும், பனியில் நிற்கிற மாதிரி. நாள் முழுக்கக் குனிந்து பலகையால் உப்பு வார வேண்டும். கூலிங் கிளாஸ் போட்டால் பத்தாவது நிமிடம் மூக்கிலிருந்து வழுக்கும். உப்புக் கையால் அதைத் தள்ளிவிட்டால் லென்ஸில் கீறல்.

இதற்குத் தொங்கும் கயிறு உதவாது, தலையைச் சுற்றி இறுகும் பட்டைதான். நியோப்ரீன் வேண்டாம், வெந்துபோகும். ஒரு விரல் அகலத்தில் பாலியஸ்டர் எலாஸ்டிக் போதும். தலைத்துண்டுக்கு மேலே பட்டை வரும்படி மாட்டினால் வேர்வையைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும், பட்டையும் வழுக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. கயிறு விற்கிற எனக்கு அதுவரை தோன்றவில்லை.

"கயிறை எப்படிக் கழுவுறது? மிஷின்ல போடலாமா?"

கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு ஊறவைத்து அலசுங்கள். உலர்த்துவது நிழலில். கடலுக்குப் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் முக்கி எடுங்கள். உள்ளே தங்கும் உப்பு காய்ந்து பொடிப்பொடியாகி நூலையும் கழுத்தையும் அறுக்கும். தோலை ஊறவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். மிஷினில் போட்டால் நுனி வளையம் எங்காவது மாட்டி இழுபடும். நுனி தளர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

"தொங்கவிட்டா லென்ஸ் கீறுதே?"

நெஞ்சில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சட்டைப் பொத்தான், பையில் பேனா, அடையாள அட்டை, தாலிச் சங்கிலி. லென்ஸ் நடக்கும்போதெல்லாம் அவற்றோடு உரசும். அடையாள அட்டையின் நாடாவும் கண்ணாடிக் கயிறும் ஒரே கழுத்தில் என்றால், அட்டையின் கிளிப்பே லென்ஸைத் தின்றுவிடும்.

கயிறு கொஞ்சம் குட்டையாக இருந்தால் கண்ணாடி பையின் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிடும். நெடுநேரம் போடப்போவதில்லை என்றால் கயிற்றோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நியோப்ரீன் அகலப் பட்டை என்றால் அதையே லென்ஸ்மேல் சுற்றி உறையாக்கலாம், ஆனால் அதில் மணல் இருக்கக் கூடாது. மணலோடு சுற்றினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

"கயிறு போட்டா ஃபிரேம் லூஸாகும்னு சொல்றாங்களே?"

தலைமேல் ஏற்றி வைப்பது ஆக்கும் அளவுக்கு ஆகாது. தொங்கும் கண்ணாடியின் எடை கையின் வழியாகக் கீல் மேல் விழுவது உண்மை, ஆனால் 30 கிராமுக்குக் கீல் பயப்படாது. பயப்பட வேண்டியது ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கண்ணாடியைக் கழற்றும் பழக்கத்துக்கு. உங்கள் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக் கழற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ இறுக்கிக்கொள்ளக் கடைக்கு வாருங்கள். காசு வாங்க மாட்டேன்.

"ப்ரோக்ரசிவ் கண்ணாடிக்குப் பட்டை போட்டதுலேர்ந்து படிக்கிறது சரியாத் தெரியல. பட்டையாலயா?"

ஆமாம், இருக்கலாம். ப்ரோக்ரசிவ் லென்ஸில் தூரம் பார்க்கும் இடம் மேலே, படிக்கும் இடம் கீழே. உங்கள் கண்மணி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஃபிரேமிலேயே குறித்துத்தான் அதைச் செய்கிறோம். பட்டையை இறுக்கினால் கண்ணாடி பின்னால் இழுபடும், மூக்கில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலேறும், சாய்வும் மாறும். இமைமுடி லென்ஸில் தட்டினாலோ கழற்றியதும் மூக்கில் சிவந்த தடம் இருந்தாலோ இறுக்கம் அதிகம் என்று பொருள்.

கண்ணாடி தானாக நிற்கிற இடத்தில் நிற்கட்டும். பட்டை அதை இழுக்காமல் தொட்டுக்கொண்டிருக்கிற அளவே போதும். தானாக நிற்கவே இல்லை என்றால் சரிசெய்ய வேண்டியது கையின் வளைவையும் மூக்குத் தாங்கியையும். அதைச் செய்யாமல் பட்டை போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது.

"பிள்ளைக்குப் போடலாமா? நாலு வயசு, தினமும் தொலைக்கிறான்."

கழுத்தில் தொங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். சறுக்குமரத்தில், ஜன்னல் கம்பியில், கதவுக் கொண்டியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவில் சிறுவர் உடுப்புகளின் நாடாவுக்கென்றே இஎன் 14682 என்று ஒரு தரநிலை இருக்கிறது. சின்னக் குழந்தைகளின் உடுப்பில் தலை, கழுத்துப் பக்கம் இழுத்துக்கட்டும் நாடாவே கூடாது என்கிறது. கண்ணாடிக் கயிறு அதைவிட நீளம். பாராகார்டு மாதிரி 250 கிலோ தாங்குகிற ஒன்றை ஒரு குழந்தையின் கழுத்தில் போடுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தலையோடு ஒட்டி நிற்கும் அகலமான எலாஸ்டிக் பட்டையோ, காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி வளையும் சிலிக்கான் பிடிப்போ போடுங்கள். பட்டை போட்டிருந்தாலும் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

"லேத்துப் பட்டறைல வேலை பாக்கேன். கயிறு போட்டுக்கலாமா?"

லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்குக்குப் பக்கத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்கூட ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டும் என்றது. முந்தானை, துண்டு, கயிறு எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

இழுத்தால் தானாகப் பிரியும் பூட்டு வைத்த கயிறு ஒன்று இருக்கிறது. பிடரிக்குப் பின்னால் இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும். குடோன், மரம் ஏறும் வேலை, நாய் வளர்க்கிற வீடு போன்றவற்றுக்கு அது நல்லது. லேத்துக்கு அதையும் நம்ப மாட்டேன். பிரிவதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும். தலையோடு ஒட்டிய பட்டை, மிச்ச நுனி வெட்டிவிடப்பட்டது, அவ்வளவுதான்.

"கழுத்து அரிக்குது. வேர்வையா, கயிறா?"

செயின் வகை போட்டிருந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு மலிவான உலோகச் செயினும் ஒத்துக்கொள்ளாது. நியோப்ரீனிலும் ரப்பரிலும் செய்முறையில் சேர்க்கும் ரசாயனங்கள் சிலருக்குத் தடிப்பைத் தரும். ஒரு வாரம் பருத்திக் கயிறு போட்டுப் பாருங்கள். தடம் கயிறு போன வழியே கோடாக இருந்தால் கயிறுதான். அப்படியும் போகாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், கண்ணாடிக் கடைக்காரனிடம் இல்லை.

"முத்து வச்ச செயின் நல்லா இருக்கு. சேலைக்குப் போட்டா எப்படி?"

நன்றாகவே இருக்கும், ஆனால் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உலோகச் செயின் கண்ணாடிக் கையில் உரசும் சத்தம் காதெலும்பு வழியாக நேரே உள்ளே கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது, உங்களுக்கு நாள் முழுக்கக் கிலுகிலு. கனமான செயின் காதுக்குப் பின்னால் கையை அழுத்தும், சாயங்காலம் வலி தெரியும். முடியை விரித்துவிடுகிறவர்கள் என்றால் கண்ணிகளில் முடி சிக்கும்.

கண்ணாடியைச் சுழற்றி மாட்டும் ரஜினி ஸ்டைல் கயிற்றோடு நடக்காது. ஒரு தம்பி கடையிலேயே முயன்று மூக்கில் அடித்துக்கொண்டார்.

"வீட்ல நானே செஞ்சுக்கலாமா? ஷூ லேஸ் இருக்கு."

தாராளமாக. ஷூ லேஸ் நல்ல கயிறு. எப்போதும்போல நுனிதான் பிரச்சினை. மீன் தூண்டில் கடையில் மெல்லிய சிலிக்கான் குழாய் கிடைக்கும், கையின் பருமனைவிடக் கொஞ்சம் சின்ன வாயாகப் பார்த்து மூன்று சென்டிமீட்டர் வெட்டுங்கள். லேஸை ஒரு பக்கம் நுழைத்து நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள், மறுபக்கம் கை நுழையும். நைலான் லேஸின் வெட்டு வாயைத் தீயில் லேசாகக் காட்டினால் பிரியாது. பருத்தி என்றால் தீ வேண்டாம், எரிந்துவிடும், பசை தடவுங்கள். அப்புறம் அந்த மெத்தைச் சோதனை.

செலவைக் கணக்குப் பார்த்தால், கடையில் 50 ரூபாய்க்கே சாதாக் கயிறு இருக்கிறது. மிதவை வைத்ததும் நல்ல எலாஸ்டிக் பட்டையும் 200, 300 ஆகும். 150 ரூபாய்க் கண்ணாடிக்கு 300 ரூபாய்க் கயிறு கேட்கிறவரிடம், அதற்குப் பதில் இன்னொரு கண்ணாடியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

"ரெண்டு கண்ணாடி இருக்கு, வெயிலுக்கு ஒண்ணு, படிக்க ஒண்ணு. ரெண்டையும் தொங்கவிடலாமா?"

ஒன்றையொன்று உரசி இரண்டும் கீறிப்போகும். அடிக்கடி கழற்றுகிற ஒன்றுக்கு மட்டும் கயிறு போடுங்கள், மற்றது பெட்டியில் இருக்கட்டும்.

"கயிறு போட்டும் தொலைச்சிட்டேன் அண்ணாச்சி. எப்படி?"

கயிற்றோடு தொலைகிற கண்ணாடிகளும் உண்டு, அவை கழுத்திலிருந்து கழற்றி எங்காவது வைத்தவை. முடி வெட்டும்போது, முகம் கழுவும்போது, ஸ்கேன் எடுக்கப் போகும்போது, சட்டையைக் கழற்றிவிட்டுத் திருச்செந்தூர் கோயிலுக்குள் போகும்போது. கயிறு கழுத்தில் இருக்கும்வரைதான் காவல். கயிற்றின் உள்பக்கம் சலவைக்குப் போடும் மார்க்கர் பேனாவால் போன் நம்பரை எழுதிவையுங்கள், துணிப் பட்டையில் அழியாமல் நிற்கும்.

எங்கள் கடையிலேயே புது ஃபிரேம் போட்டுப் பார்ப்பதற்காகப் பழையதைக் கயிற்றோடு கழற்றி முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள். டிராயரில் இப்போது மூன்று கிடக்கின்றன. ஒன்று நீல நியோப்ரீன், ஒன்று கறுப்புக் கயிறு, ஒன்று மணிகள் கோத்தது. நீலத்தில் நம்பர் எழுதியிருக்கிறது. நான்கு முறை அடித்துப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப்.